கொடுக்கும் கை, வாங்காத கை

மணி ஒலிக்கிறது!

ஞாயிற்றுக்கிழமைக் காலை. ஊரின் நடுவே ஓங்கி நிற்கும் மாதா கோயிலின் கோபுரத்திலிருந்து எழுகிறது அந்த ஓசை. மாடி வீட்டுக்குள்ளும் நுழைகிறது. மண் குடிசைக்குள்ளும் நுழைகிறது. பெரிய தெருவையும் எழுப்புகிறது; ஊருக்கு வெளியே ஒதுக்கி வைக்கப்பட்ட சேரியையும் எழுப்புகிறது. காற்றுக்குச் சாதி தெரியாது. ஆகவே அது சுமந்து செல்லும் ஓசைக்கும் சாதி தெரியாது.

அழைப்பு ஒன்று. ஆனால், அந்த அழைப்பைக் கேட்டு வந்தவர்களுக்கு அமர இடம் ஒன்றாக இருந்ததா? அந்தக் கேள்வியைத்தான் இன்று எழுப்ப விரும்புகிறோம்.

நெல்லை மாவட்டத்தின் தென்கோடியில், குமரி மாவட்டத்துக்கு அண்மையில் இருக்கிறது வடக்கன்குளம். தமிழ்நாட்டுக் கத்தோலிக்கரின் பழம்பெரும் ஊர்களில் ஒன்று. அங்கே, 19-ஆம் நூற்றாண்டில் பெரியதொரு கோயில் எழுந்தது. அந்தக் கோயிலைக் கட்டியவர்கள் ஒரு விந்தை செய்தார்கள். ஒரே பீடம், அந்தப் பீடத்தில் வந்து கூடுகின்ற இரண்டு நீண்ட மண்டபங்கள். இடுப்பிலிருந்து பிரிந்து இறங்கும் இரண்டு கால்களைப் போல. கண்டவர்கள் சிரித்தார்கள், கால்சட்டைக் கோயில் என்று பெயரிட்டார்கள்.

ஏன் இந்த இரண்டு கால்கள்? கட்டடக் கலையின் புதுமையா? வெயிலுக்கும் மழைக்கும் ஏற்ற ஏற்பாடா? இல்லை, தோழர்களே! வேளாளர் முதலிய உயர்சாதியார் என்று தம்மைச் சொல்லிக் கொண்டோர் ஒரு மண்டபத்தில். நாடாரும் மற்றோரும் இன்னொரு மண்டபத்தில். இவர் அவரைப் பாராமல், அவர் இவரைத் தொடாமல், இருசாராரும் ஒரே ஆண்டவரைத் தொழ வேண்டும்! இடையிலே சுவர். ஒரு பீடம், ஒரு குரு, ஒரு பூசை, ஒரே அப்பம்—இரண்டு கால்கள்!

அன்பு அன்பு என்று வாய் ஓயாமல் பேசிய மார்க்கம், இந்த மண்ணில் காலூன்றிய கோலத்துக்கு இதைவிடப் பொருத்தமான சின்னம் வேறு உண்டோ?

இதைச் சொன்னவுடனே சிலர் மகிழக்கூடும். "பார்த்தீர்களா, அங்கேயும் சாதி!" என்று கைகொட்டி நகைக்கக்கூடும். அந்த நகைப்பிலே நமக்குப் பங்கில்லை. நகைப்போரைப் பார்த்து நாம் கேட்கிறோம்: அந்தச் சுவருக்குச் செங்கல் எந்தச் சூளையிலிருந்து வந்தது? பாலஸ்தீனத்திலிருந்தா? ரோமாபுரியிலிருந்தா? இல்லையே! வருணாசிரமம் சுட்டுத் தந்த செங்கல் அல்லவா அது! நோயைத் தந்தவன், நோயாளியைப் பார்த்து எள்ளி நகையாடுவது எந்த நாட்டு நியாயம்?

ஆனால், நோய் எவர் தந்தது என்பது ஒரு கேள்வி. அதைத் தீர்க்காமல் வளர்த்தவர் எவர் என்பது மற்றொரு கேள்வி. இரண்டாவது கேள்வியை மாதா கோயிலின் வாசலில் நின்று கேட்க நமக்கு உரிமை உண்டு. ஏனெனில், கிறித்தவத் திருச்சபை இந்த நாட்டு மக்களுக்குச் செய்த நன்மைகளை நன்றியுடன் எண்ணிப் பார்க்கிறவர்கள் நாம்.

அந்தக் கணக்கை முதலில் சொல்லி விடுவோம்.

1841-ஆம் ஆண்டு இடையன்குடியின் தேரிமணலில் வந்து தங்கினார் கால்டுவெல். கோயில் கட்டினார், பள்ளி நடத்தினார், அவருடைய துணைவியார் பெண்களுக்கு எழுத்தையும் கைத்தொழிலையும் கற்பித்தார். அந்தச் சிற்றூரில் ஊழியம் செய்த அதே காலத்தில்தான் 1856-இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டு, தமிழ் தனித்து இயங்கவல்ல மொழி என்பதை உலகுக்கு எடுத்துக் காட்டினார். நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் அம்மையார் ஏழைப் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக் கொடுத்தார். அந்த நூலிழை, அடிமைத் தளையை அறுக்கும் கத்தியாயிற்று. தென் திருவிதாங்கூரில், மார்பை மூடுவதற்குக்கூட உரிமை இல்லாதிருந்த பெண்கள் தோள்சீலைக்காகப் போராடியபோது, மிஷனரிமார் அவர்கள் பக்கம் நின்றனர். 1859-இல் அரசு பணிந்து ஆணையிட வேண்டியதாயிற்று. பாளையங்கோட்டையில் புளோரன்ஸ் ஸ்வைன்சன் அம்மையார், காது கேளாத பிள்ளைகளுக்கென்று பள்ளி கண்டார். வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையார் 1900-இல் ஒரே ஒரு கட்டிலுடன் மருத்துவப் பணியைத் தொடங்கி, 1918-இல் பெண்களுக்கென மருத்துவப் பள்ளியையே நிறுவினார்.

"மதம் மாற்றத்தானே இவ்வளவும்?" என்பார்கள். இருக்கட்டும்! மாற்றாமலே இருந்தவர்கள் ஒரு பள்ளி திறந்தார்களா? ஒரு புண்ணுக்கு மருந்து போட்டார்களா? தொட்டால் தீட்டு என்று எட்டி நின்றவன், தொட்டுக் கட்டுப் போட்டவனின் நோக்கத்தை ஆராய்கிறான்! புண்பட்டவனுக்கு அந்த ஆராய்ச்சி தேவையில்லை. அவனுக்கு வலி தீர்ந்தது. அவன் பிள்ளை படித்தது. அவன் மகள் நிமிர்ந்து நடந்தாள். நாம் நன்றி மறக்கவில்லை.

நன்றி மறக்காத நாவினால்தான் கேட்கிறோம்: புண்ணுக்குக் கட்டுப் போட்ட கைக்கு, சுவரை இடிக்க ஏன் இத்தனை தயக்கம்?

இந்தத் தயக்கத்துக்கு வயது அதிகம். 1606-இல் மதுரைக்கு வந்தார் இத்தாலி நாட்டு ராபர்ட் தெ நொபிலி. அறிஞர், தமிழ் கற்றார், வடமொழி கற்றார், காவி உடுத்தார், மரக்கறி உண்டார். உயர்சாதியாரைக் கவர வேண்டுமானால், உயர்சாதியானைப் போலவே வாழ வேண்டும் என்று கருதினார். பூணூலும் குடுமியும் வெறும் நாட்டு வழக்கந்தான், மதச் சின்னங்கள் அல்ல என்று வாதாடினார். 1623-இல் போப் பதினைந்தாம் கிரகோரி அதற்கு இசைவு தந்தார். பிறகு என்ன நடந்தது? உயர்சாதியாருக்கு ஒரு வகைச் சாமியார். தாழ்த்தப்பட்டோருக்குப் 'பண்டார சாமி' என்று வேறொரு வகைச் சாமியார். மீட்பர் ஒருவர்தான், மீட்பின் செய்தியைக் கொண்டு வருவோர் மட்டும் சாதிக்குச் சாதி வேறு!

"அது தந்திரம், முதலில் உள்ளே வரட்டும், பிறகு மாறுவார்கள்" என்றார்கள். உள்ளே வந்தார்கள். ஆனால், சாதியை வாசலில் செருப்போடு விட்டுவிட்டு வரவில்லை. மடியில் கட்டிக் கொண்டு வந்தார்கள். மாற வேண்டியவன் மாறவில்லை. மாற்ற வந்த கோயிலே மாறிப் போயிற்று. அதன் முடிவுதான் வடக்கன்குளத்துக் கால்சட்டை.

இந்த ஊரின் வரலாற்றிலே இன்னொரு பக்கமும் இருக்கிறது. அதைப் படித்தால் நெஞ்சு கனக்கும். திருவிதாங்கூர் அரசில் பணிபுரிந்த நீலகண்ட பிள்ளை என்பவர், 1745-இல் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனது இதே வடக்கன்குளத்தில்தான். உயர்ந்த குலம் என்று சொல்லப்பட்ட குலத்தில் பிறந்த அவர், சாதி பாராமல் எல்லோருடனும் பழகினார். பிடிக்கப்பட்டார், எருமை மீது ஏற்றி ஊர் ஊராக இழுத்துச் செல்லப்பட்டார், 1752-இல் ஆரல்வாய்மொழிக்கு அருகில், காற்றாடி மலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று ரோமாபுரியில் அவரைப் புனிதர் என்று அறிவித்தார் போப் பிரான்சிஸ். அறிவிப்பதற்கு முன்னே ஒரு செயல் நடந்தது. அவருடைய பெயருடன் ஒட்டியிருந்த 'பிள்ளை' என்ற சாதிப் பட்டத்தை வத்திக்கான் நீக்கிவிட்டது. சாதியை உதறியவருக்குச் சாதிப் பட்டம் எதற்கு என்று இங்கிருந்து சிலர் எழுப்பிய குரல், அங்கே கேட்டது.

எண்ணிப் பாருங்கள்! சாதி பாராமல் பழகிய ஒருவர் திருமுழுக்குப் பெற்ற ஊர் அது. நூறாண்டுகளுக்குச் சற்று மேலே கழிந்ததும், அந்த ஊரிலேயே சாதிக்கொரு மண்டபம் எழுகிறது! புனிதரின் இரத்தம் காய்வதற்குள் என்று சொல்ல மாட்டோம். ஆனால் புனிதரின் பாடம் அதற்குள் காய்ந்து போய்விட்டது என்று சொல்லத்தான் வேண்டும்.

எனினும், அந்தக் கதை சுவரோடு முடியவில்லை. முடியாததால்தான் இதை எழுதுகிறோம்.

பிரஞ்சு நாட்டுக் கௌசானல் அடிகளார், இயேசு சபைக் குரு, அந்தப் பங்கின் பொறுப்பை ஏற்றிருந்தார். அவர் பார்த்தார், பொறுத்தார், பொறுமைக்கும் எல்லை உண்டு என்று கண்டார். 1910-ஆம் ஆண்டு அந்தச் சுவரை இடித்துத் தள்ளினார்!

உயர்சாதியார் கொதித்தெழுந்தனர். வழக்கு மன்றம் ஏறினர். சுவர் எங்கள் உரிமை, தனியிடம் எங்கள் உரிமை, தலைமுறை தலைமுறையாக வந்த வழக்கம் என்று வாதாடினர். மைக்கேல் பிள்ளை என்பவர் முதலானோர் ஆயர் பார்த்தே அவர்களை எதிர்த்து நடத்திய அந்த வழக்கு, சென்னை உயர்நீதிமன்றம் வரை சென்றது. கோயிலுக்குள் சாதிப்படி இடம் கேட்ட அந்தக் கோரிக்கை அங்கே தோற்றது.

சுவர் இடிந்தது, கோயில் இடியவில்லை. இதைக் கவனிக்க வேண்டும். சுவரைத் தொட்டால் திருச்சபையே சரிந்துவிடும் என்று அஞ்சியோர் எத்தனை பேர்! சரிந்ததா? இன்றும் அந்தக் கோயில் நிற்கிறது, மணி ஒலிக்கிறது, மக்கள் கூடுகிறார்கள். அச்சம் பொய் என்று அந்தக் கோயிலின் ஒவ்வொரு தூணும் சான்று சொல்லுகிறது.

கத்தோலிக்கரை மட்டும் சொல்லி, மற்றவரை விட்டுவிட்டோம் என்று எவரும் கருத வேண்டாம். சீர்திருத்தச் சபையாரின் கதையும் இதுவே. 1833-இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமை உடனே ஒழிய வேண்டும் என்று கண்டிப்பான மடல் ஒன்றை அனுப்பினார். தஞ்சையிலும் சென்னை வேப்பேரியிலும் கிறித்தவர் பலர் சீறினர். சபையை விட்டே வெளியேறினர். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் போன்ற பெரும் புலவரே, சாதிப்படி தனித்தனியாக அமரும் வழக்கத்துக்குப் பரிந்து எழுதினார். 1847-இல் மதுரையில் அமெரிக்க மிஷனார், எல்லாச் சாதியாரும் ஒன்றாக அமர்ந்து உண்ண வேண்டும் என்று சொன்னபோது, உபதேசியார் பலர் வேலையையே உதறிவிட்டுப் போயினர்!

இந்தக் கடைசி நிகழ்ச்சியைச் சற்று உற்று நோக்குங்கள். அந்த உபதேசியார்கள் சேரிக்குப் போக மறுத்தவர்கள் அல்லர். சேரிக்குப் போனார்கள்; வேதம் சொன்னார்கள்; பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தார்கள். கொடுப்பதில் அவர்களுக்குத் தடையே இல்லை. ஆனால், 'அவன் கையால் சமைத்த சோற்றை நீ வாங்கி உண்' என்றபோதுதான் முகம் கறுத்தது!

இங்கேதான் இருக்கிறது முடிச்சு.

கொடுப்பது எளிது. கொடுப்பவன் மேட்டிலே நிற்கிறான். பெறுபவன் பள்ளத்திலே நிற்கிறான். கஞ்சி ஊற்றலாம், கம்பளி வழங்கலாம், மருந்து தரலாம், கல்விக் கட்டணம் கட்டலாம். இத்தனையும் தந்து முடித்த பிறகும் மேடு மேடாகவே இருக்கும், பள்ளம் பள்ளமாகவே இருக்கும். ஆண்டையும் கொடுத்தான், மிராசுதாரும் கொடுத்தான், பொங்கலுக்கு வேட்டி கொடுத்தான், சாவுக்குப் பணம் கொடுத்தான். அதனால் பண்ணையாள் சமமாகிவிட்டானா?

சமத்துவம் எங்கே பிறக்கிறது? நீ கொடுக்கும் இடத்தில் அன்று. நீ வாங்கும் இடத்தில்! தாழ்ந்தவன் என்று நீ தள்ளி வைத்தவனுடைய கையிலிருந்து, அவன் தரும் சோற்றை, அவன் தரும் நீரை, அவன் தரும் காணிக்கையை, அவன் படிக்கும் வேத வாசகத்தை, அவன் ஆற்றும் தலைமையை நீ வாங்கிக் கொள்கிறாயா? அதுதான் உரைகல்.

திருச்சபையார் இதை அறியாதவர்களா? அவர்களுடைய வேத நூலிலேயே இருக்கிறதே இந்தப் பாடம்! யூதர்கள் தீண்டாத சமாரியர் இனத்துப் பெண்ணொருத்தி கிணற்றடிக்கு வருகிறாள். அங்கே களைத்து அமர்ந்திருந்த ஏசு, அவளுக்குப் பிச்சையிடவில்லை; அறிவுரையைக்கூட முதலில் சொல்லவில்லை. அவளிடம் தண்ணீர் கேட்டார். அவளே திகைத்துப் போனாள். தீண்டத்தகாதவளின் குடத்து நீரைக் கேட்டு வாங்குவதிலேதான் தம் பேச்சைத் தொடங்கினார் அந்தத் தச்சர் மகன். அந்த ஒரு கேள்வியில் இருந்த புரட்சி, ஆயிரம் அன்னதானத்தில் இல்லை.

அந்த உரைகல்லைக் கையிலெடுத்துக் கொண்டு நம் ஊர்ப் பங்குகளைப் பார்ப்போம்.

தலைக்கட்டு வரி என்று ஒன்று உண்டு. ஊர்க் கோயில் திருவிழாவுக்குக் குடும்பத்துக்கு இவ்வளவு என்று வாங்குவது. சேரிக் கிறித்தவன் மடியிலே பணத்தை முடிந்து கொண்டு போகிறான். 'எங்களிடமும் வரி வாங்குங்கள்' என்கிறான். வாங்க மறுத்த ஊர்கள் உண்டு! உலகத்திலே வரி கொடுக்க மறுத்துக் கலகம் நடந்ததாகப் படித்திருக்கிறோம். வரி வாங்க மறுத்துக் கலகம் நடந்த நாடு நம் நாடு! ஏன் மறுக்கிறார்கள்? வரி வாங்கினால் பங்கு தர வேண்டும். பங்கு தந்தால் சப்பரம் அவன் தெருவுக்கும் போக வேண்டும். திருவிழாக் கூட்டத்தில் அவனும் பேச வேண்டும். ஆகவே அவனுக்குத் தானம் செய்வார்கள். அவனிடம் வரி வாங்க மாட்டார்கள். கை நீளுகிறது—கொடுக்க. கை சுருங்குகிறது—வாங்க!

பெரிய வியாழனன்று பன்னிருவர் பாதங்களைக் கழுவி முத்தமிடுகிறார் பங்குச் சாமியார். அழகான சடங்கு, உருக்கமான சடங்கு. ஆனால், அடுத்த மாதம் வரும் தேர்த் திருவிழாவில், அந்தப் பாதங்கள் நடந்து வந்த தெருவுக்குள் தேர் நுழையாது என்றால், கழுவியது எதை?

இவையெல்லாம் பழங்கதை என்பார் உண்டு. பழங்கதையா? 2008 மார்ச் மாதத்தில், அப்போதைய விழுப்புரம் மாவட்டத்து எறையூரில், தாழ்த்தப்பட்ட கிறித்தவர்கள் சம உரிமை கேட்டதையொட்டி மூண்ட கலவரம், போலீசாரின் துப்பாக்கிச் சூடு வரை போயிற்று, இருவர் மாண்டனர். ஒரே மதம், ஒரே ஊர், ஒரே கோயில், இரண்டு பிணங்கள்! திருச்சி மேலப்புதூரில், கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தின் நடுவே ஒரு சுவர். தாழ்த்தப்பட்டோரின் பிணம் ஒரு புறம், மற்றோரின் பிணம் மறு புறம். 2010-ஆம் ஆண்டிலும் நின்றது அந்தச் சுவர். பொறுக்கமாட்டாத பகுத்தறிவுத் தோழர்கள் கடப்பாரையோடு சென்று அதன் ஒரு பகுதியை இடிக்க வேண்டியிருந்தது.

வடக்கன்குளத்தில் உயிரோடு இருப்பவர்களைப் பிரித்தார்கள். அதற்காவது மூடத்தனமான காரணம் ஒன்று சொன்னார்கள். கல்லறையில் பிரிப்பதற்கு என்ன காரணம்? எலும்பு எலும்பைத் தொட்டால் தீட்டா? புழுவுக்குச் சாதி உண்டா? கடைசி நாளில் எக்காளம் ஊதும், இறந்தோர் எழுந்திருப்பர் என்று நம்புகிறீர்களே. எழுந்திருப்பவர்கள் சுவர் ஏறிக் குதித்தா ஒன்று சேர வேண்டும்?

"மெல்ல மெல்லத்தான் மாற்ற வேண்டும்" என்பது முதல் சமாதானம். 1606 முதல் 1910 வரை முந்நூற்று நான்கு ஆண்டுகள். 1910 முதல் 2010 வரை இன்னொரு நூறாண்டு. ஆமையிடம் சொன்னால்கூட வெட்கப்படும் இந்த மெல்ல நடைக்கு!

"சாமியார் என்ன செய்வார்? மக்கள் கேட்க மாட்டார்களே!" என்பது இரண்டாவது சமாதானம். கௌசானல் அடிகளார் செய்தாரே! மொழி வேறு, நாடு வேறு, நிறம் வேறு. துணைக்கு ஊர்ப் பெரியவர்கள் இல்லை. ஒரு குரு துணிந்தார்; ஒரு சுவர் விழுந்தது. அன்று அந்நியரால் முடிந்தது, இன்று நம்மவரால் முடியாதா? இந்நாட்டுக்கு முதல் கர்தினால் கிடைத்தது 1953-இல். தாழ்த்தப்பட்ட குலத்திலிருந்து முதல் கர்தினால் வந்தது 2022-இல். இடையே அறுபத்தொன்பது ஆண்டுகள்! வந்ததே என்று மகிழ்கிறோம். வர ஏன் இத்தனை காலம் என்றும் கேட்கிறோம்.

"மற்ற மதத்தில் இல்லையா? எங்களை மட்டும் ஏன் குறை கூறுகிறீர்கள்?" என்பது மூன்றாவது சமாதானம். அன்பர்களே! முள் மரத்தைப் பார்த்து, ஏன் மாங்கனி தரவில்லை என்று எவரும் கேட்பதில்லை. சாதியே தருமம் என்று சொல்லுகிறவனிடம் நாம் நீதியை எதிர்பார்க்கவில்லை, அவனுடன் போரிடுகிறோம். நீங்களோ மனிதர் அனைவரும் ஒரே தந்தையின் மக்கள் என்று சொன்னவர்கள். அந்தச் சொல்லை நம்பி, பிறந்த வீட்டை விட்டு, உற்றாரைப் பகைத்து, பட்டம் பதவி துறந்து உங்கள் வாசலுக்கு வந்தான் சேரி மகன். வாக்குக் கொடுத்தவனிடம்தானே கணக்குக் கேட்க முடியும்?

கணக்குக் கேட்க இன்னொரு காரணமும் உண்டு. 1950 ஆகஸ்ட் 10 அன்று குடியரசுத் தலைவர் பிறப்பித்த ஆணை, இந்து மதத்தில் இருப்பவர் மட்டுமே பட்டியல் சாதியார் என்றது. 1956-இல் சீக்கியரையும், 1990-இல் பௌத்தரையும் அதில் சேர்த்தார்கள். கிறித்தவரைச் சேர்க்கவில்லை. கிறித்தவத்தில் சாதி இல்லையாம். ஆகவே சலுகையும் இல்லையாம்! 2007-இல் அளிக்கப்பட்ட ரங்கநாத் மிஸ்ரா ஆணையத்தின் அறிக்கை, இந்த மதத் தடையை நீக்கச் சொல்லிற்று. தமிழ்நாடு சட்டமன்றம் 2023 ஏப்ரலில் இதற்காகத் தீர்மானம் நிறைவேற்றியது. ஆகஸ்ட் 10-ஐத் துக்க நாளாகக் கடைப்பிடித்துக் கறுப்புக் கொடி ஏந்தி வருகிறார்கள் தாழ்த்தப்பட்ட கிறித்தவர்கள். அந்தக் கோரிக்கை நியாயமானது. அதை முழு மனத்தோடு ஆதரிக்கிறோம்.

சாதி போய்விட்டது என்கிறது சட்டம். போகவில்லை என்கிறது கல்லறை! இரண்டில் எது உண்மை என்று ஆயர்களுக்குத் தெரியும். ஆகவேதான் டெல்லியிடம், 'மதம் மாறியும் சாதிக் கொடுமை எம் மக்களை விடவில்லை' என்று முறையிடுகிறார்கள். இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016 டிசம்பரில் வெளியிட்ட கொள்கை அறிக்கையில், திருச்சபைக்குள்ளேயே தீண்டாமை நிலவுவதை ஒளிக்காமல் ஒப்புக்கொண்டது. அந்த நேர்மையைப் போற்றுகிறோம். ஆனால், டெல்லிக்குச் சொல்லும் உண்மையை ஊருக்கும் சொல்ல வேண்டாமா? அறிக்கையில் எழுதியதை, ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில், உயர்சாதி வரிசையைப் பார்த்து, ஒருமுறையேனும் உரக்கப் படிக்க வேண்டாமா?

நாம் கேட்பது பெரிய காரியம் அன்று. பொக்கிஷத்தைத் திறக்கச் சொல்லவில்லை. புதிதாக ஒரு மருத்துவமனை கட்டச் சொல்லவில்லை. காசு செலவில்லாத காரியங்கள்தாம். எந்தப் பங்கிலே சேரியின் வரி மறுக்கப்படுகிறதோ, அந்தப் பங்கிலே அந்த ஆண்டு திருவிழாக் கொடி ஏறாது என்று ஆயர் சொல்லட்டும். எந்தத் தெருவுக்குத் தேர் போகாதோ, அந்தத் தெருவிலிருந்துதான் அடுத்த தேர் புறப்படும் என்று சொல்லட்டும். எந்தக் கல்லறையில் சுவர் நிற்கிறதோ, அந்தச் சுவர் விழும்வரை அங்கே எந்தப் பணக்காரனுக்கும் சலவைக்கல் சமாதி இல்லை என்று சொல்லட்டும். பீடத்தில் பணிபுரிய, வேதம் வாசிக்க, பங்குப் பேரவைக்குத் தலைமை தாங்கச் சேரிப் பிள்ளையை அழைக்கட்டும். எவராவது முகம் சுளித்து வெளியேறினால், கதவைத் திறந்தே வைக்கட்டும். ஆனால் பின்னால் ஓடிப் போய்க் கெஞ்ச வேண்டாம்.

இவ்வளவும் செய்தால், அறப்பணி குறைந்துவிடாது. அப்போதுதான் அது அறமாகும். இல்லையேல் பள்ளிகளும் மருத்துவமனைகளும் அன்னசாலைகளும் எத்தனை எழுந்தாலும், பெறுகிறவன் நெஞ்சின் ஓரத்திலே ஒரு கேள்வி உறுத்திக் கொண்டே இருக்கும்: 'எனக்குச் சோறு போட்டவர், என் வீட்டுச் சோற்றை உண்பாரா?'

வடக்கன்குளத்துக்குப் போகிறவர்கள் அந்தக் கோயிலைப் பார்த்து வாருங்கள். கடவுளை நம்புகிறவராயின் தொழுது வாருங்கள்; நம்பாதவராயின் பார்த்து மட்டும் வாருங்கள். ஒரே பீடத்தில் வந்து கூடும் அந்த இரண்டு மண்டபங்களுக்கும் நடுவே நின்று எண்ணிப் பாருங்கள். கட்டியவர்களும் மனிதர்களே, இடித்தவரும் மனிதரே. கட்டியவர்கள் வழக்கத்துக்கு அஞ்சினார்கள். இடித்தவர் மனச்சாட்சிக்கு அஞ்சினார்.

பெயரிலே ஒட்டியிருந்த சாதியை எடுத்துப் போட ரோமாபுரியால் முடிந்தது. தெருவிலும் தேரிலும் கல்லறையிலும் ஒட்டியிருக்கும் சாதியை எடுத்துப் போட நம் ஊர்ப் பங்குகளால் முடியாதா? முடியும்! மனம் வேண்டும், கடப்பாரை பிறகு தானே கிடைக்கும்.

மணி ஒலிக்கிறது. எல்லோரையும் அழைக்கிறது. அழைத்தவர்கள், வருகிறவனுக்குக் கொடுக்க மட்டுமல்ல, அவன் கையிலிருந்து வாங்கவும் வாசலில் வந்து நிற்கட்டும்!